அப்பத்தாவின் வெத்தலைப் பெட்டியும் ஒரு ஜோடி ஷாக் அப்சார்பரும்

உங்க வீட்டு ஷெட்ல ஒரு பழைய கார் தூங்குதா பாஸ்? அப்ப இது உங்களுக்குத்தான். எங்க வீட்டுல தூங்கினது 1984 மாடல் பிரீமியர் பத்மினி. தாத்தா வாங்கினது. 1089 சி.சி. எஞ்சின், ஸ்டீயரிங் பக்கத்துலயே கியர். மும்பையில கடைசி பத்மினி டாக்சி 2023 அக்டோபர்ல ரோட்டை விட்டு இறங்கினப்போ, எங்க வீட்டுல யாரோ செத்துட்ட மாதிரி அப்பா பேப்பரை மடிச்சு வெச்சார்.

நான் மெக்கானிக்கல். 'வண்டியை நான் ரெடி பண்றேன்'னு தெம்பாச் சொல்லிட்டேன். பின்பக்கம் பூமியைப் பார்த்துத் தொங்கிட்டிருந்துச்சு. பட்டறை அண்ணன், "பட்டை ஓய்ஞ்சு போச்சு தம்பி. ரெண்டு பக்கமும் ஒரு பட்டை சேர்த்துடுவோம்"னார். சேர்த்தோம். பின்பக்கம் 3 சென்டிமீட்டர் ஏறி, சிங்கம் மாதிரி நின்னுச்சு. போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வேற!

மறுநாள் அப்பத்தாவை முட்டி வலிக்குக் காட்டக் கூட்டிட்டுப் போனேன். மேலூர் ரோட்டுல முதல் ஸ்பீடு பிரேக்கர். ஏறுறப்ப சத்தமே இல்லை. இறங்குறப்ப 'டொக்'! அதுக்கப்புறம் மூணு தடவை ஊஞ்சல். பின்சீட்டுல வெத்தலைப் பெட்டி கவிழ்ந்து, சுண்ணாம்பு அப்பத்தா சேலையில. வளைவுல பள்ளத்துல இறங்கினப்போ பின்சக்கரம் பக்கவாட்டுல துள்ளுச்சு பாருங்க... அப்பத்தா எதுவும் திட்டலை. வீட்டுக்கு வந்ததும், "இனிமே நான் பஸ்லயே போய்க்கிறேன்யா"ன்னுச்சு. அப்பா என்னை ஒரு பார்வை பார்த்துட்டு, பழைய கார் வாங்குற புரோக்கர் நம்பரைத் தேட ஆரம்பிச்சுட்டார்.

என்ன தப்பு? ஸ்பிரிங்கோட வேலை பாரத்தைத் தாங்குறது. பள்ளத்துல அமுங்குறப்ப சக்தியைச் சேர்த்து வெச்சுக்கிட்டு, அப்படியே திருப்பி உதைக்கும். அந்த உதையை அடக்குறதுதான் ஷாக் அப்சார்பர். உள்ள எண்ணெய் சின்ன ஓட்டை வழியா நெருக்கிப் போகும், ஆட்டம் சூடா மாறிடும். நான் உதைக்கிற ஆளுக்குச் சத்து மாத்திரை கொடுத்துட்டு, அடக்குற கிழவனை அப்படியே விட்டுட்டேன்.

சரி, கிழவனுக்குப் பதிலா பயில்வானைப் போடுவோம்னு ஒரு லோடு வண்டியோட ஷாக்ஸை மாட்டினேன். இங்கதான் நீங்க கவனமா இருக்கணும். ஊஞ்சல் நின்னுச்சு. ஆனா ரோட்டுல கிடக்குற பத்து ரூபா காயின் தலையா பூவான்னு முதுகெலும்பு சொல்லிடும்! அதைவிட மோசம், அமுங்கின சக்கரம் கீழ இறங்குறதுக்குள்ள அடுத்த பள்ளம் வந்துடுது. வரிசையா பள்ளம் வந்தா பின்பக்கம் கொஞ்சம் கொஞ்சமா அமுங்கிட்டே போய் பிடிமானம் போயிடும். ஆடுற வண்டியைவிட அது ஆபத்து.

அப்பதான் 'டைனமிக்ஸ் ஆஃப் மெஷினரி' புக்கைத் தூசி தட்டினேன். (அரியர் வெச்ச பேப்பர். விடுங்க!) அடக்குற சக்தி ஸ்பிரிங் விறைப்புக்கு நேரா ஏற வேண்டியதில்லை, அதோட வர்க்கமூல அளவுக்கு ஏறினாலே போதும்னு அதுல இருக்கு. அப்ப விறைப்பு எவ்வளவு ஏறியிருக்கு? ஃப்ரெண்டோட மாமாகிட்ட கை வெக்காத பத்மினி ஒண்ணு இருந்துச்சு. அது டிக்கியில 25 கிலோ அரிசி மூட்டை நாலு ஏத்தி, பட்டை உராய்வு விடுறதுக்காக வண்டியை நல்லா ஆட்டிவிட்டு அளந்தோம். 30 மில்லிமீட்டர் இறங்குச்சு. எங்க வண்டியில அதே மூட்டைக்கு 24. ஆக விறைப்பு 25 சதவீதம் அதிகம். 1.25-க்கு வர்க்கமூலம் போட்டா சுமார் 1.12. வெறும் 12 சதவீதம் கூடுதல் போதும் பாஸ்! நான் போட்டிருந்ததோ டன் கணக்குல சுமக்குற வண்டிக்கானது.

அந்த 12-ஐயும் எங்க கூட்டணும்? அமுங்குற பக்கம் இல்லை, விரியுற பக்கம். ஸ்பிரிங் உதைக்கிறது அப்பதானே? அமுங்குற பக்கத்தைக் கூட்டினா பள்ளத்தோட அடி நேரா அப்பத்தா முட்டிக்குத்தான் போகும்.

நீளத்தை மறந்துடாதீங்க. அந்த 'டொக்' எதுக்கு வந்துச்சுன்னு நினைக்கிறீங்க? வண்டி 3 சென்டிமீட்டர் ஏறினதால, பழைய ஷாக் நிக்கிறப்பவே பாதி விரிஞ்சு நின்னுச்சு. சக்கரம் கீழ இறங்கினா முழுசா நீண்டு முட்டுது. மேல் போல்ட்டுல இருந்து கீழ் போல்ட் வரைக்கும் மூணு அளவு எடுக்கணும். தரையில நிக்கிறப்ப ஒண்ணு. பாடியை ஜாக்கியில தூக்கி, ஸ்டாண்டு வெச்சு, ஷாக்கைக் கழட்டிச் சக்கரத்தைத் தொங்கவிட்டு ஒண்ணு. ஆக்ஸில் மேல வந்து ரப்பர் கட்டையில முட்டுறப்ப ஒண்ணு. புது ஷாக் தொங்குற அளவைவிட அதிகமா விரியணும், முட்டுற அளவைவிட அதிகமாச் சுருங்கணும். ரெண்டுல ஒண்ணு இடிச்சாலும் வேண்டாம், எவ்வளவு பெரிய பிராண்டா இருந்தாலும்.

கோயம்புத்தூர்ல ரேஸ் வண்டிக்கு வேலை பார்க்கிற பட்டறை ஒண்ணுல இந்தக் காகிதத்தை நீட்டினேன். அந்த நீளத்துக்கு ஒரு ஜோடி எடுத்து, விரியுற பக்கம் மட்டும் வால்வைக் கொஞ்சம் இறுக்கிக் கொடுத்தாங்க. நிமிர்த்திப் பிடிச்சு நாலஞ்சு தடவை அமுக்கி இழுத்து காத்தை விரட்டிட்டு மாட்டினோம். வண்டி தரையில நின்னப்புறம்தான் போல்ட்டைக் கடைசியா இறுக்கினோம். இல்லேன்னா புஷ் ரப்பர் முறுக்கிக்கும். அப்புறம் டிக்கியை அமுக்கி விட்டேன். ஏறுச்சு, லேசா இறங்குச்சு, நின்னுச்சு.

உண்மையச் சொன்னா, பழைய பட்டைகளையே வளைச்சு டெம்பர் ஏத்தியிருந்தா இவ்வளவு அலைச்சலே வந்திருக்காது. ஸ்டேட்டஸ் மோகம்!

அப்பத்தாவைக் கெஞ்சிக் கூத்தாடி ஏத்தினேன். அதே ரோடு, அதே ஸ்பீடு பிரேக்கர். கண்ணாடியில பின்சீட்டையே பார்த்துட்டு ஓட்டினேன். பெட்டியை மடியில இறுக்கிப் பிடிச்சிருந்துச்சு. ரெண்டாவது பிரேக்கர் தாண்டினதும் மூடியைத் திறந்து, விரல்ல சுண்ணாம்பு எடுத்து, நிதானமா வெத்தலையில தடவ ஆரம்பிச்சுச்சு.

"ஏய்யா, ரோட்டைப் பார்த்து ஓட்டு"ன்னுச்சு.