பலகை அதிரப் பாடும் ஊர்

புனித தோமையார் வந்திறங்கினார் என்று மரபு கூறும் கொடுங்கல்லூருக்கு அருகே, பெரியாற்றின் நீர்க்கிளைகளுக்கு நடுவே, கோதுருத்து என்னும் சிறு தீவு இருக்கிறது. 1987-இல் வராப்புழை உயர்மறைமாவட்டத்தினின்று பிரிந்த கோட்டப்புறம் மறைமாவட்டத்தைச் சேர்ந்தது அவ்வூர். தமிழராகிய நாம் அங்கே செல்ல ஒரு தனிக் காரணம் உண்டு. அவ்வூர்க் கத்தோலிக்கர் தலைமுறை தலைமுறையாக ஆடிவரும் சவிட்டு நாடகத்தின் பழைய ஏடுகளில் தமிழே மிகுந்திருக்கிறது!

‘சவிட்டு’ என்பது காலால் மிதித்தல். நடிகர்கள் பலகை மேடையில் தாளந் தவறாது ஓங்கி மிதித்து ஆட வேண்டும்; ஆடியபடியே பாடவும் வேண்டும். செண்டையும் இலைத்தாளமும் முழங்கினாலும், காதில் நிற்பது பலகையின் ஓசைதான். போர்ச்சுக்கீசியர் காலத்தில் உருப்பெற்ற கலையாதலால், மகுடமும் மின்னும் அங்கியும் ஐரோப்பிய அரசர்களை நினைவூட்டும். சார்லமேன் மன்னனையும் அவனுடைய பன்னிரு வீரரையும் பாடும் ‘காறல்மான் சரிதம்’ மிகப் புகழ் பெற்றது. அதனை இயற்றியவர் தமிழகத்திலிருந்து சென்ற சின்னத்தம்பி அண்ணாவி என்பது வழிவழிச் செய்தி. முற்காலத்தில் அது பல இரவுகள் தொடர்ந்து நடக்குமாம்.

இவ்வூரில் பிறந்த செபீனா ராஃபி அம்மையார் 1964-இல் இக்கலையின் வரலாற்றை நூலாக எழுதி, படித்தவர் கண்களை இதன்பால் திருப்பினார். இன்று கேரளப் பள்ளிக் கலைவிழாவில் இதுவும் ஒரு போட்டி. பல இரவுக் கதையைச் சில நிமிடங்களில் அடக்குவது கொடுமையே. ஆயினும் அப்போட்டி இல்லையேல் இத்தனை சிறுவர் மிதிக்கப் பழகுவரா என்பதும் ஐயமே.

மாலையில் ஓர் ஒத்திகையைக் கண்டோம். பகலெல்லாம் வேலை செய்து களைத்த ஆடவர், குளித்துவிட்டு வந்து வரிசையில் நின்றனர். முதிய ஆசான், மலையாள எழுத்தில் தமிழ் வரிகள் எழுதிய நோட்டைப் பார்த்து ஓரடி பாடுவார். அவர்கள் மிதித்துக்கொண்டே திருப்பிப் பாடுவார்கள். “பொருள் தெரியுமா?” என்று ஓர் இளைஞனைக் கேட்டேன். “கதை தெரியும் ஐயா, சொல் தெரியாது” என்றான். மக்களுக்கு விளங்கவைப்பது கட்டியக்காரனின் வேலை. அவன் இடையிடையே கோமாளித்தனத்தோடு மலையாளத்தில் கதை சொல்வான்.

தமிழன் வந்திருக்கிறான் என்றதும் ஆசான் மகிழ்ந்து, நெடுநாளாய் ஐயமாயிருந்த ஒரு வரியை எனக்குப் படித்துக் காட்டினார். தலைமுறைகள் வாய்மாறி வந்த சொற்கள்! மும்முறை படிக்கச் சொல்லிக் கேட்டேன். இரண்டு சொற்கள் பிடிபட்டன. மூன்றாவது எனக்கும் விளங்கவில்லை. ஆசான் நோட்டின் ஓரத்தில் அந்த இரண்டை மட்டும் எழுதிக்கொண்டு, மீண்டும் தாளம் தட்டினார்.