பெருகிவிட்ட கடற்சாமந்தி

முல்லைத்தீவுக் கடலிலிருந்து ஐம்பது கிலோமீற்றரளவு உள்ளே இருக்கும் மாங்குளத்தில் கடற்சாமந்தி வளர்ப்பது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். வளர்ப்பதன்று, வளர்ந்தபின் அடக்குவதே பெரும்பாடு. பூவின் பெயரைத் தாங்கினும் அது இரையுண்ணும் பிராணி. நம் கண்ணாடித் தொட்டிக்கு ஒன்றாக வந்தது, நெடுகப் பிளந்து இரண்டாயிற்று, இரண்டு நான்காயின. எது தாய், எது சேய்? இரண்டுமே அதுதான்!

நான்கும் வெளிச்சத்தைத் தேடி மெல்ல ஊர்கின்றன. அவற்றின் கொட்டும் கரங்கள் பட்டவிடமெல்லாம் அருகிலுள்ள மென்முருகை கருகிச் சுருங்குகிறது. நீரிறைக்கும் பொறியில் ஒன்று அகப்பட்டு நைந்தாலோ, நீர் கெட்டுக் கோமாளிமீன்களும் மடியும்.

தானாய் ஒழியுமென்று காத்திருப்பதும் வீண். 1828இல் ஸ்கொத்லாந்துக் கரையில் சேர் ஜோன் டல்யெல் எடுத்து வளர்த்த கடற்சாமந்தி ‘பாட்டி’ என்று பெயர்பெற்றது. சாடியிலேயே நூற்றுக்கணக்கான குஞ்சுகளை ஈன்றது. அவர் 1851இல் மறைந்தார்; அதுவோ 1887 வரை வாழ்ந்தது.

கத்தியால் சுரண்டி எடுக்கலாகாது. அடிப்பாகம் கிழிந்தால் அழுகிவிடும். அடியில் நீர்த்தாரையைப் பொறுமையாகப் பாய்ச்சினால் தானே பிடிவிடும். “கடலிலே விட்டுவிடுங்களேன்” என்கிறார் அயலவர். பலவிடத்து உயிர்களோடு தொட்டியில் கலந்து வாழ்ந்தது கடலுக்கு நோயையும் கொண்டுபோகலாம்; நாம் இசையவில்லை.

தொட்டி வைத்திருக்கும் யாழ்ப்பாண நண்பர் இரண்டைக் கொண்டுபோனார். மூன்றாவதை விட மகளுக்கு மனமில்லை. “மீன் எங்கையப்பா படுக்கும்?” என்கிறாள். அதற்கு ஒன்று போதுமென்று கூறி, முருகையின் கருகிய விளிம்பைக் காட்டினோம். நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு, அடுத்த ஞாயிறுவரை தவணை கேட்டிருக்கிறாள்.