பலாலி விமான நிலையத்தின் வாழ்வும் தாழ்வும்

யாழ்தேவிப் புகைவண்டியைப் பற்றி இத்தகைய மலர்களிற் பலர் பலவாறு எழுதியுள்ளனர். பலாலி விமான நிலையத்தைப் பற்றி எழுதினோர் மிகச் சிலரே. ஆகாய மார்க்கமாகச் சென்றோர் தொகை சிறிதென்பதே அதற்குக் காரணமாகலாம்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானிய விமானப் படையினர் அமைத்த தளம் அது. புகையிலையும் வெங்காயமும் விளைகின்ற செம்மண் பூமியின் நடுவே ஓடுபாதை எழுந்தது. போர் ஓய்ந்தபின் அது குடிமக்களுக்குப் பயன்படலாயிற்று. 1947 டிசெம்பர் 10 ஆம் நாள் எயர் சிலோன் நிறுவனத்தின் முதற் சேவை இரத்மலானையிற் புறப்பட்டு, பலாலியில் இறங்கி, சென்னைக்குச் சென்றது. நாடு சுதந்திரம் பெறுதற்கு அப்பொழுது இரண்டு மாதங்கள் இருந்தன. இலங்கையின் தேசிய விமானச் சேவை தன் முதற் பயணத்திலேயே எம் மண்ணைத் தொட்டது என வகுப்பிற் கூறினால், மாணாக்கர் யாம் கதை சொல்வதாக எண்ணி நகைக்கின்றனர்!

மார்கழிக் கச்சேரிக்கும் கூறைச் சேலைக்கும் சென்னை சென்று மீண்ட கதைகளைப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். அவர்களுக்குச் சென்னை அயலூர், கொழும்பே தூரதேசம்.

1978 செப்டம்பர் 7 ஆம் நாள், யாழ்ப்பாணத்திலிருந்து சென்று இரத்மலானையில் இறங்கிய எயர் சிலோனின் அவ்றோ விமானம் குண்டினால் அழிந்தது. நலிந்திருந்த அந் நிறுவனமும் பின்னர் மறைந்தது. 1979 இல் தோன்றிய எயர் லங்கா வெளிநாட்டு மார்க்கங்களையே நாடிற்று. பின்பு போர் மூண்டது. 1990 இல் தளத்தைச் சூழ்ந்த கிராமங்களின் மக்கள் இடம்பெயர்ந்தனர். அவர்தம் வீடுகளும் கோயில்களும் பாடசாலைகளும் உயர் பாதுகாப்பு வலயத்துள் அடங்கின. ஓடுபாதை அக்காலத்தும் வெறுமையாய்க் கிடக்கவில்லை. படை விமானங்கள் ஏறி இறங்கின. மக்களின் நிலையம் என்ற வகையிலேயே அது கைவிடப்பட்டது. இடையிடையே கொழும்புக்குப் பிரயாணிகள் சேவை நடந்ததுண்டு. 1998 செப்டம்பர் 29 இல் பலாலியிலிருந்து புறப்பட்ட அத்தகைய விமானமொன்று மன்னார்க் கடலில் வீழ்ந்து 55 பேர் மாண்டனர். அதன்பின் விமானச் சீட்டை விரும்பி வாங்கியோர் யார்?

இக்காலத்தின் விந்தையொன்றைச் சொல்லாமல் அமைதல் இயலாது. சென்னை எமக்கு வடக்கே உள்ளது. அங்கு செல்ல விரும்பிய யாழ்ப்பாணத்தான் முதலில் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தெற்கே சென்று, கட்டுநாயக்காவில் விமானமேறி, வந்த திசையிலேயே திரும்பிப் பறந்தான். இது ஏறத்தாழ 40 ஆண்டுகள் நடந்தது. ஒரு தலைமுறை இதனை இயல்பென்றே கருதி வளர்ந்துவிட்டது. எமக்கு மிகுந்த வருத்தந் தருவது அதுவே.

2019 ஒக்டோபர் 17 இல் நிலையம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே சென்னைச் சேவை தொடங்கிற்று. 2020 மார்ச்சில் பெருந்தொற்றினால் நின்றது. 2022 டிசெம்பரில் மீண்டது. 2024 இல் இரண்டாவது நிறுவனமொன்றும் வந்து சேர்ந்தது. சிறு விமானங்களே, ஆயினும் மகிழ்ந்தோம்.

அயற் காணிகள் பகுதி பகுதியாகவே உரியவர்களுக்கு மீள்கின்றன. விமானம் தாழ்ந்து வருகையில் சாளரத்தருகே இருப்போர் செம்மண்ணையும் பற்றைகளையும் காணலாம். அப் பற்றைகளுட் சிலவற்றின் உறுதிகள் எம் பழைய மாணவர் வீட்டுப் பெட்டகங்களில் இன்றும் மடித்தபடி கிடக்கின்றன.