கயத்தாற்றுப் புளியமரமும் எட்டயபுரத்து நண்பனும்

கோவில்பட்டியிலிருந்து நெல்லை செல்லும் வழியில், கயத்தாற்றில் நிற்கும் கட்டபொம்மன் சிலையைக் காணும்தோறும் நம் நெஞ்சில் தோன்றும் முகம் அவ்வீரனுடையதன்று. நம்மோடு பள்ளியில் பயின்ற எட்டயபுரத்துப் பையன் ஒருவனுடைய முகம் அது.

‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படம் 1959-ல் வெளிவந்தது. நம் ஊர்ப்பக்கத்து டூரிங் கொட்டகைகளுக்கு அது பலமுறை வந்து போயிற்று. பருத்தி வியாபாரியான நம் அத்தா, இஷாத் தொழுகைக்குப்பின் நம்மை அழைத்துச் சென்று மணல்தரையில் அமர்த்திக் காட்டினார்கள். மறுநாள் முதல் வகுப்பில் எல்லாரும் கட்டபொம்மன்களே. எட்டப்பன் வேடத்துக்கு மட்டும் ஆளில்லை. எட்டயபுரத்திலிருந்து நாள்தோறும் பேருந்தில் வந்துகொண்டிருந்த அப்பையனுக்கு, கேளாமலே அந்தப் பட்டம் சூட்டப்பட்டது.

ஒருநாள் பிள்ளைகள் சிலர் பள்ளித் தோட்டத்துக் கொய்யாவைப் பறித்த செய்தி ஆசிரியர் செவிக்கு எட்டியது. பிரம்படி விழுந்தது. “எட்டப்பன் காட்டிக் கொடுத்துவிட்டான்” என்று வகுப்பே கூவியது. சொன்னவன் அவன் அல்லன். ஆசிரியரின் மிரட்டலுக்கு அஞ்சிச் சொன்னது நாம். பழி அவன்மேல் விழுந்தபோது நாம் வாய் திறக்கவில்லை. அதன்பின் பகலுணவுக்கு அவன் தனியே அமர்ந்தான்.

பிற்காலத்தில் வரலாற்று நூல்களைத் தேடிப் படிக்க நம்மைத் தூண்டியது இந்த உறுத்தலே எனலாம்.

படித்தபோது, திரையில் கண்ட வீரன் வேறு, ஏடுகளில் காணும் வீரன் வேறு என்பது விளங்கிற்று. கிஸ்தியே கட்ட மறுத்தவர் என்பது வசனம். ஏடுகளோ, அவர் கட்டியும் வந்தார், பாக்கியும் வைத்தார் என்கின்றன. கலெக்டர் ஜாக்சனைக் காண ஊர் ஊராக அலைந்து, 1798 செப்டம்பர் 10-ல் இராமநாதபுரத்தில்தான் அவரைச் சந்திக்க முடிந்தது. அங்கே மூண்ட கைகலப்பில் லெப்டினன்ட் கிளார்க் மாண்டார். ஜாக்சனும் பின்னர்ப் பதவி இழந்தார். அண்டைப் பாளையங்களைக் கொள்ளையிட்டதாகக் கட்டபொம்மன்மீது புகார்களும் உண்டு. இவற்றைக் கொண்டு தமிழ்வாணன் அவரைக் கொள்ளைக்காரன் என்றே நூல் எழுதினார். ம.பொ.சி.யோ விடுதலை வீரர் என்று எழுதினார். நமக்கு இரண்டிலும் முழு நிறைவில்லை.

நம்மை நெகிழ வைத்தது பகைவனின் கடிதமே. 1799 அக்டோபர் 16-ல் கயத்தாற்றில் தூக்கிலிட ஆணையிட்ட மேஜர் பானர்மன், மறுநாள் தம் மேலிடத்துக்கு எழுதியது அது. விசாரணையில் கட்டபொம்மன் அஞ்சவில்லை. சூழ நின்ற பாளையக்காரர்களை இகழ்ச்சியோடு நோக்கினார். உறுதியாக நடந்து சென்றார். ஊமைத் தம்பியை எண்ணி மட்டுமே கவலை தெரிவித்தார். மரத்தடியில், கோட்டையை விட்டு வெளியேறாமல் அங்கேயே போரிட்டு மடிந்திருக்கலாமே என்று வருந்தினார். வசனமில்லை, முழக்கமில்லை. வாய்பேசாத தம்பியைப் பற்றிய கவலைதான்.

அந்தத் தம்பி ஊமைத்துரை, 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். இடித்துத் தரைமட்டமாக்கப்பட்ட மண்கோட்டை சில நாட்களில் மீண்டும் எழுந்தது. மார்ச் 31-ல் கும்பினிப் படையின் தாக்குதலை அது முறியடித்தது. போரில் கலந்துகொண்ட ஜேம்ஸ் வெல்ஷ் 1830-ல் வெளியிட்ட நூலில், ஊமைத்துரையை நெடிய, மெலிந்த, நோயாளி போன்ற இளைஞர் என்கிறார். இடக்கையில் வைக்கோல் துண்டுகளைப் பரப்பி, அவை வெள்ளையர் படை என்று காட்டி, வலக்கையால் துடைத்தெறிவாராம். அதுவே தாக்குதலுக்கு ஆணை!

மே 24-ல் கோட்டை வீழ்ந்தது. அன்று மாலை, பக்கத்துச் சிற்றூர்ப் பெண்கள் பிணங்களிடையே தம்மவரைத் தேடினர். குற்றுயிராய்க் கிடந்த மகனைத் தாய் ஒருத்தி கண்டாள். மகனோ, தன்னை விட்டுவிட்டு அருகே காயமுற்றுக் கிடக்கும் ஊமைத்துரையைக் காக்கச் சொன்னான். தூக்கிச் சென்றார்கள். தேடிவந்தவர் நெருங்கியதும், அவரைத் துணியால் மூடி, அம்மையில் இறந்த பிள்ளை என்று ஓலமிட்டார்கள். வந்தவர்கள் அஞ்சி ஓடினர். அத்தாயின் பெயரை எந்த நூலிலும் நாம் காணவில்லை. மறைந்து நின்று போரிடுவோரை ‘கெரில்லா’ என்கிறோமே, அச்சொல் 1808-ல் நெப்போலியனை எதிர்த்த ஸ்பெயின் மக்களால் உலகறிந்தது. அதற்கு ஏழாண்டுகளுக்கு முன்பே கரிசல் பெண்கள் அதன் வேலையை அறிந்திருந்தனர்.

தேடிவந்தவர்கள் எட்டயபுரத்தார் என்றும் வெல்ஷ் கூறுகிறார். மறைக்க வேண்டியதில்லை, எட்டயபுரம் கும்பினியின் பக்கமே நின்றது. ஆனால் கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தது புதுக்கோட்டைத் தொண்டைமான். இரு பாளையங்களுக்கும் எல்லைப் பகை பழையது. பாளையமே அன்று அவரவர்க்கு நாடு. முசல்மான்களையும் பெயர் சொல்லி அழைத்து, எல்லா மக்களும் ஒன்றுசேர்க என்ற மருதுபாண்டியரின் திருச்சி அறிக்கை வந்தது 1801 ஜூனில்தான். நாம் போற்றும் கான்சாகிபு யூசுப்கான்கூட, மதுரையில் 1764 அக்டோபர் 15-ல் தூக்கிலேறும் முன், கும்பினியின் தளபதியாக நின்று புலித்தேவரின் நெற்கட்டும்செவலை வென்றவர்தாமே! அவரை யாரும் எட்டப்பன் என்பதில்லை.

எட்டப்பன் என்பது ஓர் ஆளின் பெயருமன்று; அவ்வம்சத்தார் வழிவழியாகத் தரித்த பட்டம். தம்பியர் எண்மருக்குத் தந்தையாய் நின்று காத்தவரால் வந்தது என்பது குலக்கதை. சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அரசவைப் புலவராக வீற்றிருந்ததும் எட்டப்ப மன்னர் ஒருவரின் சமூகத்தில்தான். அவர் அடங்கியிருப்பதும் அம்மண்ணிலேதான். இது தெரிந்த நாளில், பள்ளியில் நாம் கூவிய கூச்சல் எங்கெங்கே சென்று விழுந்தது என்று எண்ணி நாணினோம்.

சில ஆண்டுகளுக்கு முன் உமறுப்புலவரை ஜியாரத் செய்ய எட்டயபுரம் சென்றபோது, விசாரித்து அந்நண்பனின் வீட்டை அடைந்தோம். “வாங்க பாய்” என்று எழுந்து வந்து கையைப் பற்றிக்கொண்டார். தேநீர் வந்தது. பேரப்பிள்ளைகளைப் பற்றிப் பேசினோம். விடைபெறும் நேரத்தில், தொண்டை அடைக்க, கொய்யாப்பழச் செய்தியைத் தொடங்கினோம்.

அவர் சிரித்தார். “சொன்னது நீதான்னு எனக்கு அன்னைக்கே தெரியும். சார் ரூமுக்கு வெளியேதான் நான் நின்னுக்கிட்டிருந்தேன்” என்றார்.