ஒரு கையில வஞ்சிரம்

காசிமேட்டுல மீன் வெட்டித் தர்ற தம்பிக்குக் காது கேட்காது.
மூணு வருஷமா விரலைக் காட்டித்தான் நம்ம வியாபாரம்.

நாப்பத்தாறு வயசுல ஒரு ஆசை. யூடியூப் பாத்து பத்து நாள் ஒத்தக் கையில ஏ பி சி டி பழகினேன்.
இன்னிக்குக் காலைல கெத்தா என் பேரைக் காட்டினேன்.

தம்பி சிரிச்ச சிரிப்பு இருக்கே!

நான் கத்துக்கிட்டது அமெரிக்கக் கை. நம்ம ஊருக்கு ரெண்டு கையும் வேணும்.

கத்தியக் கீழ வெச்சு, கையத் தொடச்சிட்டுக் காட்டினான். கட்டைவிரல் நுனியத் தொட்டா ஏ. ஆள்காட்டி விரல்னா இ. சுண்டுவிரல் யு.

எனக்கோ ஒரு கையில வஞ்சிரம். பையக் கீழ வெச்சாத்தான் பேச்சே.

வீட்டுக்கு வந்து தேடினா, டெல்லியில இருக்குற இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மையம் 2021லயே 10,000 சொல்லுக்கு அகராதி போட்டிருக்கு.
என் கையிருப்பு ஏழு. (அதுல ரெண்டு இன்னும் சந்தேகம்.)

ஆனா பக்கத்துல எறா விக்கிற அக்கா, அவன்கிட்ட கையாலயே முழுச் சண்டை போடுறாங்க.
அவங்க எந்த யூடியூப் பாத்தாங்க?