ஓரத்துச் சிப்பாய்

பட்டினப்பாக்கத்துல கிளினிக் வச்சிருக்கேன். போன ஞாயிறு டாக்டரா இல்ல, அப்பாவா ஒரு ஸ்கூல் ஹாலுக்கு வெளியே நாலு மணி நேரம் நின்னேன். 11 வயசுக்குட்பட்டோர் செஸ் போட்டி.

கடைசி ரவுண்டு. மகளுக்கு எதிர்ல நம்ம ஏரியா பையன். அவன் அம்மா மீன் விக்கிறாங்க, சுகருக்கு என்கிட்டதான் பார்க்கிறாங்க. (அவங்க சம்மதத்தோடதான் எழுதறேன்.)

ஜன்னல் வழியா பார்த்தா மகள்கிட்ட ராஜாவோட ஒரு பிஷப், ஒரு சிப்பாய். அவன்கிட்ட வெறும் ராஜா. ஷோகேஸ்ல கோப்பைக்கு இடம்கூட யோசிச்சிட்டேன். பத்து நிமிஷத்துல ரெண்டும் கை குலுக்கிட்டு வெளியே வருது. டிரா. ஆளுக்கு அரை புள்ளி.

வீடு வரைக்கும் திட்டினேன். அவ சொன்னது ஒண்ணே ஒண்ணு: "பிரக்ஞானந்தாவும் கடைசி ரவுண்டு டிராதான்பா."

ராத்திரி வயித்து வலி. தொப்புளைச் சுத்தி. தொட்டுப் பார்த்தேன், வயிறு மெத்துனு இருந்தது. காய்ச்சல் இல்ல, வாந்தி இல்ல. இந்த வயசுல நோய் எதுவும் இல்லாமலே இப்படி வலி வர்றது சகஜம். பதட்டம் அதைக் கூட்டும். வலி நிஜம், நடிப்பு இல்ல. (எடை குறைஞ்சா, வலி தூக்கத்துல எழுப்பினா, மலத்துல ரத்தம் வந்தா அது வேற, உடனே காட்டுங்க.) எத்தனை அப்பாக்களுக்கு இதைச் சொல்லியிருக்கேன்! இந்த வலி நான் குடுத்தது.

போர்டை எடுத்துட்டு வரச் சொன்னேன். ஓரத்துச் சிப்பாய். அது ராணியாகுற மூலை கருப்புக் கட்டம். இவளோட பிஷப் வெள்ளைக் கட்டத்துல மட்டும் ஓடுறது. எதிராளி ராஜா அந்த மூலைக்குப் போயிட்டா கிளப்பவே முடியாதாம். நெருக்கினா ஸ்டேல்மேட், அதுவும் டிரா. பையன் சரியா அங்கே ஓடியிருக்கான். ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருக்கு. எனக்குத்தான் தெரியல.

அப்புறம் அந்த பிரக்ஞானந்தா விஷயத்தையும் தேடினேன். 2019 அக்டோபர், மும்பை, உலக யூத் போட்டி. 14 வயசுல 18 வயசுக்குட்பட்டோர் பிரிவுல ஆடியிருக்கார். 11-வது ரவுண்டுல ஜெர்மனியோட வாலன்டின் பக்கெல்ஸ்கூட டிரா. மொத்தம் 9 புள்ளி, தங்கம்.

"சாரிம்மா"னேன். தூங்கிட்டா.

திங்கட்கிழமை அந்த அம்மா கிளினிக்குக்கு வந்தாங்க. சுகர் கொஞ்சம் ஏறியிருந்தது. சீட்டு எழுதும்போது கேட்டாங்க: "உங்க பாப்பா, மூலைக்கு ஓட எங்க கத்துக்கிட்டேன்னு இவனைக் கேட்டுச்சாமே சார்? அதையே சொல்லிக்கினு இருக்கான். ஞாயித்துக்கிழமை பீச்சுக்கு போர்டு எடுத்துட்டு வரட்டுமானு கேக்கச் சொன்னான்."