பிள்ளைகள் விழும் மண்

யாழ்ப்பாணக் குடாநாட்டைச் சுற்றிப் பார்க்க வருவோர் கோயில்களையும் கோட்டைகளையும் கடற்கரைகளையும் கண்டு மகிழ்ந்து திரும்புவதே வழக்கம். வழியிலுள்ள பாடசாலைகளின் விளையாட்டுத் திடல்களை எட்டிப் பார்ப்போர் அரியர். ஆயினும், ஓர் ஊரின் மண்ணை அறிவதற்கு அதனிலும் நல்ல இடம் வேறில்லை. தோட்டத்து மண்ணைப் பயிர் மூடியிருக்கும்; தெருவைத் தார் மூடியிருக்கும். பாடசாலைத் திடலிலோ, நூற்றுக்கணக்கான சிறு பாதங்கள் நாள்தோறும் புல்லைத் தேய்த்து மண்ணை உள்ளபடி வெளிக்காட்டி விடுகின்றன. அந்த மண்ணிலேதான் நம் பிள்ளைகள் ஓடுகிறார்கள்; அதிலேதான் விழுகிறார்கள்.

வலிகாமத்திலிருந்து தொடங்குவோம். சுன்னாகம், இணுவில், உரும்பிராய், கோப்பாய் ஆகிய ஊர்களின் செம்மண் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் பேர்போனது. வெள்ளைச் சீருடையை வாரத்துக்கு ஐந்து நாள் தோய்க்கும் தாய்மாருக்கு அதன் பெருமை இன்னும் நன்றாகத் தெரியும்! மாரியில் காலோடு ஒட்டிக்கொண்டு வரும் இம்மண், மிதிபட்டு மிதிபட்டுக் கோடையில் ஓடுபோல் இறுகிவிடுகிறது. கிளித்தட்டு மறிப்பதற்கு இதற்கு நிகரான நிலம் இல்லை எனலாம். கீறிய கோடு அழியாது; திரும்பி ஓடுபவனின் கால் புதையாது. வடக்கே கீரிமலைப் பக்கம் போகப் போக மண் மெலிந்து, அடியிலுள்ள சுண்ணாம்புக் கல் ஆங்காங்கே தலைகாட்டும்.

குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவுக்குச் சென்றால் காட்சி முற்றிலும் வேறு. அங்கே வேலியும் கல், கோட்டையும் கல், எல்லாம் முருகைக்கல். கரடுமுரடான அக்கல்லில் உராய்ந்த முழங்கால் எளிதில் ஆறாது. இத்தகைய நிலத்திலே திடல் அமைப்போர் முதலிற் செய்ய வேண்டிய வேலை கல் பொறுக்குவது. இரண்டாவது வேலை, அடுத்த மழைக்குப் பின் மறுபடியும் கல் பொறுக்குவது.

வடமராட்சியின் கிழக்கே வல்லிபுரம் தாண்டி மணற்காட்டை அடைந்தால், பெயருக்கேற்ப எங்கும் மணல். காற்றுக் குவித்த மணற்குன்றுகள். நடுவே சவுக்க மரங்கள். பாதி புதைந்து நிற்கும் பழைய அந்தோனியார் கோயிலின் இடிந்த சுவர்கள். இங்குள்ள சிறுவர் குன்றின் உச்சியிலிருந்து குதித்து, உருண்டு, சிரித்துக்கொண்டு எழும்புவர். அதே குதிப்பைக் கோப்பாயிலே ஒரு பிள்ளை குதித்தால் வைத்தியசாலைக்குப் போகவேண்டி வரலாம். பிள்ளை ஒன்றுதான், குதிப்பும் ஒன்றுதான், வேறுபட்டது மண்.

இதன் காரணம் எளிது. நான்கடி உயரத்திலிருந்து விழும் ஒரு பிள்ளை நிலத்தைத் தொடும்போது மணிக்கு ஏறக்குறைய 17 கிலோமீற்றர் வேகத்தில் வருகிறது. துவிச்சக்கர வண்டியை நன்றாக மிதிக்கும்போது கிடைக்கும் வேகம் அது. அவ்வேகம் எவ்வளவு தூரத்துக்குள் அடங்குகிறது என்பதிலேதான் எல்லாம் தங்கியிருக்கிறது. சீமெந்துத் தரையில் ஓரிரு நூலளவுக்குள் தலை நின்றுபோக வேண்டும். ஆழமான மணலிலோ மணிகள் விலகி வழிவிட, வேகம் சில அங்குலங்களில் மெல்ல அடங்கும். மேனாடுகளிலே கருவி பொருத்திய ஓர் உலோகத் தலையை உயரத்திலிருந்து போட்டு, நிலம் அதனை எவ்வளவு கடுமையாக நிறுத்துகிறது என்று அளந்து பார்க்கிறார்கள்.

இவ்வாறான அளவைகளைக் கொண்டு அமெரிக்க நுகர்பொருட் பாதுகாப்பு ஆணைக்குழு விளையாட்டுத் திடல்களுக்கென ஒரு கைந்நூலை 1981 முதல் வெளியிட்டு, காலத்துக்குக் காலம் திருத்தியும் வருகிறது. அதன்படி, 9 அங்குல ஆழமான மணல் 4 அடி உயரத்திலிருந்து விழுவதைத் தாங்கும். 9 அங்குல மரச்சீவல் 10 அடி வரை தாங்கும். சீமெந்தும் தாரும் அறவே கூடா. நம்மவர் வியக்கக்கூடியது இன்னொன்று: புல்லையும் வெறும் மண்ணையும்கூட அந்நூல் பாதுகாப்பான தரையாகக் கொள்வதில்லை. புல் தேயும், மண் இறுகும், இன்றிருக்கும் மென்மை நாளை இராது. சுன்னாகத்துக் கோடையைக் கண்டவர்கள் இதனை மறுக்க மாட்டார்கள்.

மரச்சீவல் மேலானதாயிற்றே என்று கேட்கலாம். நம் மாரி மழையிலே அது விரைவில் உக்கிப்போகும். மிஞ்சியதைக் கறையான் பார்த்துக்கொள்ளும். இறப்பர் விரிப்புகள் கொழும்பிலே அழகாகத்தான் இருக்கின்றன. விலை ஒருபுறமிருக்க, நிழலில்லாத திடலில் நண்பகல் வெயிலுக்கு அவை கொதிக்கும். வெறுங்காலோடு விளையாடும் பிள்ளைக்கு அது வேறொரு துன்பம். ஆகவே என் எண்ணம் மணலையே சுற்றிவருகிறது. ஆனால் எந்த மணலும் ஆகாது. களி கலந்த மணல் ஒரு மழைக்கும் ஒரு வெயிலுக்கும் பின் இறுகிவிடும். மாணவர்கள் தாமே இதனைச் சோதித்துப் பார்க்கலாம். ஒரு போத்தலில் மூன்றிலொரு பங்கு மணலும் மீதிக்குத் தண்ணீரும் இட்டு நன்றாகக் குலுக்கி வைத்து விடுங்கள். மணல் உடனே அடியில் தங்கும். களியோ தண்ணீரைக் கலக்கி, நெடுநேரம் சென்று மணலின் மேல் ஒரு படையாகப் படியும். அந்தப் படை தடித்திருந்தால் அம்மணல் கட்டட வேலைக்குப் போகட்டும்.

அப்படியாயின் மணற்காட்டு மணலை வாரிவந்து எல்லாத் திடல்களிலும் கொட்டலாமா? கூடாது. அம்மணற்குன்றுகள் மழைநீரை உள்வாங்கி, உவர்நீர் ஏறாதபடி கிணறுகளைக் காக்கின்றன. கடலுக்கு எதிரே அக்கரைக்கு இருக்கும் மதிலும் அவையே. 2004 டிசெம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலையைக் கண்ட கரை அது. அதன் பின்னரும் களவாக மணல் அகழ்வோர் உளர் என்பதை ஊரவர் கவலையோடு பேசுகின்றனர். ஒரு பாடசாலையின் பிள்ளைகளைக் காப்பதற்கு இன்னோர் ஊரின் கிணறுகளை உவராக்குவது நியாயமாகாது. உத்தரவுப் பத்திரத்தோடு வரும் மணலையும் சிக்கனமாகவே செலவிட வேண்டும்.

சிக்கனத்துக்கு வழியும் உண்டு. ஓடும் நிலம் வேறு, விழும் நிலம் வேறு. கிளித்தட்டுக்கும் வாரோட்டத்துக்கும் இறுகிய, கல்லில்லாத சமநிலமே நல்லது. அங்கே மணல் கொட்டினால் விளையாட்டே கெட்டுவிடும். மணல் வேண்டியது பிள்ளைகள் உயரத்திலிருந்து விழக்கூடிய இடத்தில் மட்டுந்தான். நான்கடி உயரச் சறுக்கு ஒன்றைச் சுற்றி எப்பக்கமும் ஆறடி விட்டால், 20 அடி நீளமும் 15 அடி அகலமும் கொண்ட ஓரிடம் போதும். அதிலே ஓரடி ஆழத்துக்கு இட்டால் 300 கன அடி, அதாவது 3 கியூப் மணல். ஓரடி இட்டது மிதிபட்டு அமர்ந்து 9 அங்குலமாகும் என்பது கணக்கு. ஊஞ்சலுக்கு முன்னும் பின்னும் இன்னும் கூடுதலான இடம் வேண்டும்.

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளிலே மணல் பரப்புகிறார்கள். வெறுங்காலோடு நடப்போருக்கும், அங்கப் பிரதட்சிணம் செய்வோரின் உடம்புக்கும் அம்மணல் எவ்வளவு இதம் என்பதை நாம் அறிவோம். அடியவருக்காக அறிந்து செய்யும் இதனைப் பாடசாலையிலே ஏனோ மறந்து விடுகிறோம். குடாநாட்டின் ஒரு பாடசாலையில் (பெயர் எதற்கு?) அன்பளிப்பாகக் கிடைத்த வண்ணச் சறுக்கொன்று சீமெந்துக் கற்கள் பதித்த முற்றத்திலே நிற்கிறது. நாடா வெட்டித் திறந்தார்கள், படம் பிடித்தார்கள். சறுக்குக்குச் செலவிட்டதில் ஒரு சிறு பங்கு அதன் கீழ் நிலத்துக்கும் போயிருக்கலாம்.

மணலைக் கொட்டியதோடு வேலை முடிந்துவிடாது. சறுக்கின் அடியிலும் ஊஞ்சலின் கீழும், அதாவது பிள்ளை வந்து விழும் அதே இடத்தில், மணல் விரைவிலே குழிந்து போகும். பூனைகளும் அதனைத் தமக்கென்று எண்ணிக்கொள்ளும். கண்ணாடித் துண்டும் ஆணியும் உள்ளே மறைந்து கிடக்கும். ஆதலால் காலையில் வாரியால் ஒருமுறை வாருவது முறை. இன்னுமொன்று: சறுக்கின் காலிலே, மணல் நிற்க வேண்டிய மட்டத்தில் ஒரு சிவப்புக் கோடு போட்டு வைக்கலாம். மணல் கோட்டுக்குக் கீழே இறங்கிய நாளில், மேல் வகுப்பு மாணவர் இருவர் ஆளுக்கொரு வாளியோடு வந்து நிரப்பி விடுவார்கள்.